மாதிரித் தொடர்வண்டிக் கட்டடங்கள்

மாதிரித் தொடர்வண்டிக் கட்டடங்கள் என்பவை, மாதிரித் தொடர்வண்டி அமைப்புகளில் இடம்பெறும் நிலையங்கள், சரக்குக் கிட்டங்கிகள், சிக்னல் கேபின்கள், ஆலைகள், வீடுகள் முதலியவற்றின் அளவு குறைத்த ஒப்புருக்கள் ஆகும். உண்மைக் கட்டடத்தின் எல்லா அளவுகளையும் ஒரே விகிதத்தில் குறைத்து அமைப்பதே இவற்றைச் சாதாரண விளையாட்டுப் பொருட்களிலிருந்து வேறுபடுத்துகின்றது. வண்டிகளும் தண்டவாளமும் பெரும்பாலும் தொழிற்சாலைகளில் உருவாக்கப்பட்டு விற்பனைக்கு வருவதால், இத்துறையில் தனியாளின் கைத்திறன் கூடுதலாக வெளிப்படும் இடம் கட்டடங்களே எனலாம்.

ஒப்புருக் கட்டடம் ஒன்றின் மெய்ம்மை இரண்டு வகைப்படும். ஒன்று அளவின் மெய்ம்மை. கதவு, சன்னல், ஓடு ஆகியவை விகிதப்படி இருத்தல். மற்றையது இடத்தின் மெய்ம்மை. அக்கட்டடம் எந்த ஊரின் மண்ணிலும் வெயிலிலும் நிற்கின்றதோ அவ்வூருக்கு உரியதாகத் தோன்றுதல். முதலாவதை அளவுகோலால் அடையலாம். இரண்டாவதற்கு அந்த ஊரைப் பார்த்து அறிந்திருக்க வேண்டும். இக்கட்டுரை பொதுவான முறைகளை விளக்கிய பின்னர், ஆயத்த ஒப்புருக்கள் கிடைக்காத ஒரு நிலப்பகுதியாகிய கோவில்பட்டிக் கரிசல் வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொள்கின்றது.

அளவுத்திட்டங்கள்

உலகில் பரவலாக வழங்கும் அளவுத்திட்டங்கள் சில:

* ஓ - 1:43.5 (பிரித்தானியா), 1:45 (ஐரோப்பா), 1:48 (ஐக்கிய அமெரிக்கா)
* எசு - 1:64
* ஓஓ - 1:76.2 (பிரித்தானியா)
* எச்ஓ - 1:87
* டிடி - 1:120
* என் - 1:160 (பிரித்தானியாவில் 1:148)

இவற்றுள் எச்ஓ அளவே உலகளவில் மிகுதியாகப் பயன்படுவது. அதன் தண்டவாள அகலம் 16.5 மி.மீ. இது 1435 மி.மீ. அகலமுள்ள செந்தர இருப்புப்பாதையைக் குறிக்கும். இந்திய அகலப்பாதை 1676 மி.மீ. ஆகும். 1:87 விகிதத்தில் அது 19.3 மி.மீ. இருக்க வேண்டும். எனவே இந்திய வண்டிகளை எச்ஓ தண்டவாளத்தில் ஓட்டுவோர் ஏறத்தாழ 2.8 மி.மீ. குறுகிய பாதையை ஏற்றுக்கொள்ள நேர்கின்றது. மீட்டர் பாதையை அமைப்பது இதனினும் எளிது, 1000 மி.மீ. என்பது 1:87இல் 11.5 மி.மீ. ஆகும், 12 மி.மீ. தண்டவாளம் அதற்கு மிக நெருங்கியது. பாதையில் இத்தகைய சமரசம் இருப்பினும், கட்டடங்களை 1:87இலேயே அமைக்கலாம். கட்டடத்திற்குத் தண்டவாள அகலம் தடையன்று.

1:87 அளவுத்திட்டத்தில் சில பொதுவான அளவுகள்:

* 2.1 மீ. உயரக் கதவு - 24 மி.மீ.
* 1.65 மீ. உயர மனிதர் - 19 மி.மீ.
* 35 செ.மீ. கனமான சுவர் - 4 மி.மீ.
* 23 x 11.5 x 7.5 செ.மீ. செங்கல் - 2.6 x 1.3 x 0.9 மி.மீ.
* 1 செ.மீ. சாந்து இணைப்பு - 0.1 மி.மீ.
* ஏறத்தாழ 41 x 24 செ.மீ. மங்களூர் ஓடு - 4.7 x 2.8 மி.மீ.
* 76 முதல் 84 செ.மீ. வரையான அகலப்பாதை உயர் நடைமேடை - 8.7 முதல் 9.7 மி.மீ.

வரலாறு

தொடக்ககால மாதிரித் தொடர்வண்டிகளுக்கு அச்சிட்ட தகரத்தாலான நிலையங்களே துணையாக இருந்தன. அவற்றில் அளவு பொருட்படுத்தப்படவில்லை. 1930களின் பிற்பகுதியில் இங்கிலாந்தைச் சேர்ந்த சான் ஏகெர்ன் என்பவர் தமது 'மேடர் பள்ளத்தாக்கு' அமைப்பில், வண்டிகளுக்கு இணையான கவனத்தைக் கட்டடங்களுக்கும் நிலக்காட்சிக்கும் அளித்தார். அட்டையாலும் மரத்தாலும் சிறு கட்டடங்களை அமைக்கும் முறை பற்றி அவர் எழுதிய நூல் பலருக்கு வழிகாட்டியாயிற்று.

ஆத்திரேலியாவிலிருந்து 1925இல் இங்கிலாந்து வந்த இராய் இங்கிலாந்து என்பவர், சிற்றூர்களின் கூரை வீடுகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்டு மறைவதைக் கண்டார். அவை முற்றிலும் அழியுமுன் அளந்து, 1:76 விகிதத்தில் ஒப்புருக்களாகப் பதிவு செய்ய முனைந்தார். 1954இல் அவர் தொடங்கிய பெண்டன் அருங்காட்சியகம் இன்றும் அப்பணியைத் தொடர்கின்றது. பொழுதுபோக்காகக் கருதப்பட்ட ஒன்று ஊர்களின் ஆவணமாகவும் விளங்கக்கூடும் என்பதற்கு இது சிறந்த சான்றாகும்.

அமெரிக்காவில் ஒளிப்படக் கலைஞரான சான் ஆலன் (1913-1973), வெயில், மழை, புகை, துரு ஆகியவற்றின் தடயங்களைக் கட்டடங்களில் காட்டும் முறையைப் பரவலாக்கினார். அவர் மறைந்த சில நாட்களிலேயே அவரது அமைப்பு தீ விபத்தில் அழிந்தது. அவர் எடுத்த ஒளிப்படங்களின் வழியாகவே அது பெரிதும் அறியப்படுகின்றது. செருமனியில் 1946இல் பாலர் உடன்பிறப்புகள் தொடங்கிய நிறுவனம், வெட்டித் தயாராக உள்ள பாகங்களைக் கொண்ட பொருத்துப் பெட்டிகளை உலகெங்கும் கொண்டு சென்றது. ஆம்பர்க் நகரில் 2001இல் திறக்கப்பட்ட 'மினியேச்சர் வொண்டர்லேண்ட்' எச்ஓ அளவிலான மிகப் பெரிய காட்சியகமாகும்.

இந்தியாவில் புனே நகரின் சோசி சிறு தொடர்வண்டி அருங்காட்சியகம் 1998இல் திறக்கப்பட்டது. ஊரமைப்புடன் கூடிய ஓடும் மாதிரியைப் பொதுமக்கள் காணக்கூடிய இடங்களுள் இது குறிப்பிடத்தக்கது.

தமிழ்நாட்டில் இக்கலைக்கு மிக நெருங்கிய மரபு நவராத்திரிக் கொலு ஆகும். கொலுப்படிகளுக்கு அருகே 'பார்க்கு' என்ற பெயரில் மண் பரப்பி, கடுகு அல்லது வெந்தயம் தூவிப் பயிர் முளைக்கச் செய்து, கோயில், குளம், கடைத்தெரு, மலை ஆகியவற்றை அமைத்துப் பொம்மைத் தொடர்வண்டி ஒன்றையும் ஓடவிடுவது பல வீடுகளின் வழக்கம். இதில் அளவுத்திட்டம் பேணப்படுவதில்லை. செட்டியார் பொம்மை அருகிலுள்ள கோபுரத்தைவிட உயரமாக இருக்கலாம். ஆயினும் கையிலுள்ள பொருளைக் கொண்டு தெரிந்த ஊரை அமைக்கும் முறை அதில் உள்ளது.

கட்டுமான நுட்பங்கள்

சுவரின் கனம்: அட்டை அல்லது நெகிழித் தகட்டின் கனம் பெரும்பாலும் 1 மி.மீ. அளவே இருக்கும். அதில் சன்னலை வெட்டியவுடன் சுவர் மெல்லியது என்பது வெளிப்பட்டுவிடும். பழைய நிலையங்களின் சுவர்கள் கனமானவை. ஆகவே திறப்புகளைச் சுற்றி உட்புறமாகப் பட்டைகளை ஒட்டி, சுவர் 4 மி.மீ. கனமுடையதாகத் தோன்றச் செய்யவேண்டும். மெய்த்தோற்றத்தை மிகுதியும் உயர்த்தும் எளிய வேலை இதுவேயாகும்.

செங்கல் இணைப்புகள்: மேலே கண்டவாறு சாந்து இணைப்பு 0.1 மி.மீ. மட்டுமே. கத்தியால் கீறிய கோடு பெரும்பாலும் இதனினும் அகலமாகிவிடும். கீறாமல் நிறத்தால் மட்டும் காட்டுவதே சிறந்தது. சுண்ணாம்புக் காரை பூசிய சுவரில் செங்கல் தெரியவே கூடாது. காரை உதிர்ந்த இடத்தில் மட்டும் ஓரிரு வரிகள் தெரியலாம்.

கூரை: மாதிரி அமைப்பைக் காண்போர் மேலிருந்தே பார்ப்பர். எனவே உண்மைக் கட்டடத்தில் கண்ணுக்குப் படாத கூரை, ஒப்புருவில் முதலில் தெரிகின்றது. ஓட்டு வரிசைகளைத் தனித்தனிப் பட்டைகளாக வெட்டி, கீழிருந்து மேலாக ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு ஒட்டி, இறுதியில் முகட்டு ஓடுகளை வைக்கவேண்டும். எல்லா ஓடுகளும் ஒரே சிவப்பாக இருப்பதில்லை. மாற்றிய புதிய ஓடு வெளிர் சிவப்பாகவும், பழைய ஓடு கருமை படிந்தும் இருக்கும்.

நிறம்: சிறிய பரப்பில் பூசப்படும் நிறம், உண்மைக் கட்டடத்திலுள்ள அதே நிறத்தைவிடக் கருமையாகத் தோன்றும். அதனால் சற்று வெளிர்ந்த, மங்கலான சாயலைத் தேர்வது வழக்கம். பளபளப்பான பூச்சு எவ்வளவு நுட்பமான வேலையையும் பொம்மையாக்கிவிடும்.

சுருக்கம்: 60 மீ. நீளமுள்ள சரக்குக் கொட்டகை 1:87இல் 69 செ.மீ. நீளும். இதற்கு வீட்டில் இடம் இருப்பதில்லை. அவ்வாறான நிலையில் கதவையோ உயரத்தையோ குறைக்காமல், கட்டடத்தின் கண்ணறைகளின் எண்ணிக்கையை மட்டும் குறைக்கவேண்டும். எட்டுக் கதவுள்ள கொட்டகை நான்கு கதவுடன் நின்றாலும் அதே கொட்டகையாகவே அடையாளம் காணப்படும். கதவைச் சிறிதாக்கினால் பக்கத்தில் நிற்கும் சரக்குப் பெட்டியும் மனிதரும் பொருந்தாமற் போவர்.

எடுத்துக்காட்டு: கரிசல் வட்டாரத்து நிலையம்

கோவில்பட்டி, தூத்துக்குடி மாவட்டத்தில் மதுரை - திருநெல்வேலி வழித்தடத்தில் அமைந்த நகரமாகும். 1874இல் உருவான தென்னிந்திய இரயில்வே நிறுவனம் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கான மீட்டர் பாதையை 1876இல் திறந்தது. பாம்பன் பாலம் வழியாக 1914இல் தனுசுக்கோடி வழி திறக்கப்படும்வரை இலங்கைக்குச் செல்லும் பயணிகள் இப்பாதையிலேயே தூத்துக்குடித் துறைமுகம் சென்றனர். 1951இல் பாதை தென்னக இரயில்வேயின் பகுதியாயிற்று. 1990களில் அகலப்பாதையாக மாற்றப்பட்டது. 2020களின் முற்பகுதியில் இரட்டைப் பாதைப் பணியும் நிறைவுற்றது. சாத்தூர், நள்ளி, கோவில்பட்டி, குமாரபுரம், கடம்பூர், வாஞ்சி மணியாச்சி என்பன இத்தடத்திலுள்ள நிலையங்களுட் சில. இடைசெவலில் பிறந்த எழுத்தாளர் கு. அழகிரிசாமியின் 'குமாரபுரம் ஸ்டேஷன்' என்னும் சிறுகதை இத்தகைய சிற்றூர் நிலையத்தைக் களமாகக் கொண்டது.

கட்டட வகைகள்

தென்னிந்திய மீட்டர் பாதைத் தடங்களின் சிற்றூர் நிலையங்களில் பரவலாகக் காணப்பட்டவை: ஒற்றைத் தளமுடைய, காரை பூசிய நிலையக் கட்டடம், மங்களூர் ஓடு வேய்ந்த சரிவுக் கூரையும் தாழ்வாரமும், தாழ்ந்த நடைமேடை, நீராவி எந்திரங்களுக்கான நீர்த்தொட்டியும் நீர்க்குழாய்த் தூணும், கைகாட்டி மரங்கள், ஊழியர் குடியிருப்பு, கேட் காவலர் குடில். இவற்றுடன் பஞ்சுப் பொதிகள் அடுக்கிய கிட்டங்கிகள், ஜின்னிங் ஆலைகள், நூற்பாலைப் புகைபோக்கி, பல சன்னல்களுடன் நீண்ட தீப்பெட்டித் தொழிற்கூடங்கள் ஆகியன சேரும்போது அக்காட்சி கோவில்பட்டிப் பகுதிக்கே உரியதாகின்றது. பாலர் முதலிய ஐரோப்பிய நிறுவனங்களின் பொருத்துப் பெட்டிகளிலுள்ள கட்டடங்கள் பனி வழிந்தோடும் செங்குத்தான கூரையும் மூடிய சன்னல்களும் கொண்டவை. அவற்றின் நிறத்தை மாற்றியமைத்தாலும் கரிசல் காட்டுக்குப் பொருந்துவதில்லை. எனவே இப்பகுதியை அமைக்க விரும்புவோர் அடிப்படையிலிருந்தே கட்ட வேண்டியுள்ளது.

மண்ணும் சுவரும்

கரிசல் மண் நீரை உறிஞ்சி உப்பி, காயும்போது சுருங்கும் களிமண் வகையாகும். கோடையில் நிலம் ஆழமாக வெடிக்கின்றது. வடகிழக்குப் பருவமழையில் மீண்டும் உப்புகின்றது. ஆண்டுதோறும் நிகழும் இவ்வசைவு ஆழமற்ற அடித்தளங்களைத் தூக்கி இறக்குவதால் சுவர்கள் விரிசலடைகின்றன. அடிப்பகுதி விரிந்த தூண் அடித்தளத்தை உரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியதும் இத்தகைய மண்ணைக் கருத்திற்கொண்டே ஆகும்.

ஒப்புரு அமைப்பவருக்கு இதிலிருந்து கிடைக்கும் விதி தெளிவானது. விரிசல் எங்கு வேண்டுமானாலும் தோன்றுவதில்லை. சன்னல், கதவு ஆகியவற்றின் மூலையிலிருந்து சாய்வாகத் தொடங்கும். செங்கல் தெரியும் சுவரில் இணைப்புகளைத் தொடர்ந்து படிப்படியாக ஏறும். பின்னாளில் சேர்க்கப்பட்ட அறை பழைய சுவருடன் சேரும் இடத்தில் செங்குத்தாகப் பிரியும். விரிசலைப் பூசி அடைத்த தழும்பும் காட்டப்பட வேண்டும். புதிய பூச்சு பழைய காரையினின்று நிறத்தால் வேறுபடும். காரணம் தெரிந்து போட்ட ஒரு விரிசல், அழகுக்காகப் போட்ட பத்து விரிசல்களைவிட நம்பத்தக்கது.

நிலத்தை அமைக்க உண்மையான கரிசல் மண்ணையே சலித்துப் பயன்படுத்தலாம். நீர் கலந்த வெள்ளைப் பசையுடன் குழைத்துப் பரப்பினால் அது காயும்போது தானே வெடிக்கும். வெடிப்புகளின் இடைவெளி மண் படலத்தின் கனத்தைப் பொறுத்தது. கனமாகப் பரப்பினால் வெடிப்புகள் விகிதத்திற்கு மீறிப் பெரிதாகும். உண்மையில் 5 முதல் 10 செ.மீ. அகலமுள்ள வெடிப்பு 1:87இல் 0.6 முதல் 1.1 மி.மீ. மட்டுமே. எனவே மெல்லிய படலமாகப் பரப்பி, முதலில் ஒரு துண்டு அட்டையில் சோதித்துப் பார்ப்பது நல்லது. மண்ணிலுள்ள இரும்புத் துகள்கள் எந்திரத்தின் மோட்டாரில் ஒட்டாதிருக்க, சலித்த மண்ணில் காந்தத்தை ஓட்டி அவற்றை அகற்றவேண்டும். காய்ந்த கரிசல் கருநிறமன்று, சாம்பல் கலந்த கருமை என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. ஈரம் பட்ட இடமே கறுத்திருக்கும்.

உள்ளூர்ப் பொருட்கள்

தீப்பெட்டித் தொழில் செழித்த வட்டாரம் என்பதால் மருந்து தோய்க்காத தீக்குச்சி இங்கு அறிமுகமான பொருள். ஏறத்தாழ 2 மி.மீ. கனமுள்ள குச்சி 1:87இல் 17 செ.மீ. கனமுள்ள மரத்துக்குச் சமம். ஆகவே அது உத்திரத்துக்கும் தூணுக்கும் பொருந்தும். அதையே நெடுக்காக இரண்டாகப் பிளந்தால் கைமரம் கிடைக்கும். ரீப்பருக்கு அதுவும் தடிப்பு. அதற்குத் தடித்த தாளைக் கீற்றாக வெட்டிக்கொள்ளலாம். சிவகாசி நாட்காட்டிகளின் பின்னட்டை சுவருக்கு ஏற்றது. பனை ஓலையின் ஈர்க்கு, தென்னந்தும்பு, மரத்தூள் ஆகியனவும் பயன்படுவன.

காலம்

ஒரே நிலையத்தை எந்த ஆண்டில் காட்டுகின்றோம் என்பதை முதலிலேயே முடிவு செய்யவேண்டும். நீர்க்குழாய்த் தூணும் மின்கம்பித் தூண்களும் ஒரே காட்சியில் இருத்தல் பிழை. பின்னணியில் கயத்தாற்றுக் காற்றாலைகள் தெரிந்தால் அது 1876இன் காட்சியாக இருக்கவியலாது. மஞ்சள் நிறப் பலகையில் கறுப்பு எழுத்தில் தமிழ், இந்தி, ஆங்கிலம் ஆகிய மும்மொழியில் ஊர்ப்பெயரும் கடல்மட்ட உயரமும் எழுதுவது விடுதலைக்குப் பிந்தைய காட்சிக்கு உரியது. அதேபோல் கோட்டும் தொப்பியும் அணிந்த இறக்குமதி மனித உருவங்களை அப்படியே நிறுத்தாமல், மெல்லிய தாளும் பசையும் கொண்டு வேட்டி, சேலை, தலைப்பாகை ஆகியவற்றை அமைத்தல் வேண்டும்.

அளவெடுத்தலும் ஆவணப்படுத்தலும்

நிலையக் கட்டடத்தின் வரைபடம் கையில் இல்லாதபோது ஒளிப்படங்களிலிருந்தே அளவுகளைக் கணிக்கலாம். சுவருக்கு நேர் எதிரே நின்று எடுத்த படத்தில், அளவு தெரிந்த ஒரு பொருள் இருக்கவேண்டும். ஒரு மீட்டர் கோலைச் சுவரில் சாய்த்து வைப்பது சிறந்த வழி. பழைய படமாயின் ஓட்டு வரிசைகளையோ செங்கல் வரிசைகளையோ எண்ணி, ஒரு வரிசையின் அளவால் பெருக்கிக் கொள்ளலாம். நான்கு முகங்களும், கூரையும், கதவு சன்னல்களின் நெருக்கப் படங்களும் தேவை. எல்லோரும் முன்முகத்தையே படம் எடுப்பதால், பின்முகத்தின் படம் கிடைப்பது அரிது. தண்டவாளப் பகுதியில் அனுமதியின்றி நுழைவது 1989ஆம் ஆண்டு இரயில்வே சட்டப்படி குற்றமாகும். ஆதலால் நிலைய அதிகாரியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது முறை.

இப்பணிக்கு அவசரமும் உண்டு. நீராவி எந்திரங்கள் நின்றதும் நீர்த்தொட்டிகளும், வண்ண விளக்குச் சமிக்ஞைகள் வந்ததும் கைகாட்டி மரங்களும் பயனிழந்தன. அகலப்பாதை மாற்றத்தின்போது நடைமேடைகள் உயர்த்தப்பட்டன. 2023இல் தொடங்கிய அம்ரித் பாரத் நிலையத் திட்டத்தில் கோவில்பட்டியும் இடம்பெற்றுள்ளது. பயணிகளின் வசதிக்காக நிலையங்கள் மாற்றப்படுவது தேவையானதே. ஆனால் சிற்றூர் நிலையமோ கேட் குடிலோ பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்கள் அல்ல. அவை இடிக்கப்படுமுன் எவரும் அளந்து வைக்கவில்லையெனில், பின்னர் அவற்றின் கதவு எவ்வளவு உயரம் என்று சொல்ல வழியில்லை. அளவுகளைக் குறித்து வைத்த ஒப்புரு, பெண்டனில் நிகழ்ந்ததைப் போல, மறைந்த கட்டடத்தின் முப்பரிமாணப் பதிவாக நிலைக்கும்.

விவாதங்கள்

மெய்ம்மை என்ற பெயரில் எல்லாக் கட்டடங்களையும் பாழடைந்தவையாகக் காட்டும் போக்கு பற்றி இத்துறையினரிடையே மாற்றுக் கருத்துகள் உண்டு. பணியிலுள்ள நிலையம் பராமரிக்கப்படுவது. சுவர் வெள்ளையடிக்கப்படும், உடைந்த ஓடு மாற்றப்படும். துருவும் விரிசலும் மிகுந்தால் அது பழமையாகத் தோன்றுமேயன்றி உண்மையாகாது. எந்த இடத்தில் மழைநீர் வழிகின்றது, எந்தப் படியில் கால்கள் பட்டுத் தேய்கின்றது என்று பார்த்து அங்கு மட்டும் தடயம் இடுவதே சரியான முறை என்பர்.

சீரொளி வெட்டுப் பொறியும் முப்பரிமாண அச்சுப் பொறியும் பரவியபின் கைத்திறனின் இடம் குறித்தும் கேள்வி எழுந்துள்ளது. கணினியில் ஒருமுறை வரைந்த சன்னலை எத்தனை முறையும் பிழையின்றி அச்சிடலாம். சிறு எண்ணிக்கையில் தேவைப்படும் இந்திய நிலையங்களுக்கு இது பெரிதும் உதவுகின்றது. ஆயினும் அச்சிடுவதற்கு முன் யாரேனும் அந்தச் சன்னலை அளந்திருக்க வேண்டும். அச்சில் வரும் சன்னல்கள் அனைத்தும் ஒன்றுபோல் இருக்கும். தச்சர் கையால் இழைத்துச் செய்த பழைய சன்னல்கள் அவ்வாறு இருந்ததில்லை.

இவற்றையும் பார்க்கவும்

* அளவுத்திட்டம்
* கரிசல் மண்
* கொலு
* தென்னிந்திய இரயில்வே
* மீட்டர் பாதை